மின்னணு விமானக் கருவிகள்: விலையையும் நம்பகத்தன்மையையும் எடைபோடும் முறை

சிறிய விமானம் ஒன்றின் கருவிப் பலகையை மின்னணுக் கருவிகளுக்கு மாற்ற எண்ணும் உரிமையாளர் பெரும்பாலும் விலைப்பட்டியலிலிருந்துதான் தொடங்குகிறார். ஒரே அளவுகளைக் காட்டும் இரண்டு திரைகளுக்கு இடையே விலை இரண்டு மடங்கு, சில வேளைகளில் மூன்று மடங்கு வேறுபடுவதைப் பார்க்கிறார். விலை கூடியதே நம்பகமானது என்றோ, விலை குறைந்ததே அறிவுள்ள தேர்வு என்றோ முடிவுகட்டிவிடுகிறார். இரண்டும் அரைகுறையான முடிவுகள். கருவிக்குக் கொடுத்த பணம் பாதுகாப்பாக மாறுகிறதா என்பது அந்தக் கருவியின் தரத்தை மட்டும் பொறுத்ததன்று. அது பழுதாகும் நேரத்தில் விமானியிடம் வேறு என்ன எஞ்சியிருக்கிறது என்பதையே பெரிதும் பொறுத்தது. ஆகவே இங்கே விளக்கப்படும் முறை, கருவியை வாங்குவதற்கு முன்பே அதன் பழுதை மனத்தில் நிகழ்த்திப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது.

பறப்பின் வகையும் பழுதின் விளைவும்

ஒரு தாளை எடுத்துக்கொண்டு, உங்கள் விமானத்தில் காட்டப்படும் ஒவ்வொரு தகவலையும் எழுதுங்கள்: காற்றுவேகம், உயரம், செயற்கை அடிவானம் (விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பது), திசை, என்ஜின் எண்ணெய் அழுத்தம், எரிபொருள் இருப்பு, வழிகாட்டல். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். இந்தத் தகவல் திடீரென இல்லாமல் போனால் என்ன ஆகும்? இந்தத் தகவல் தவறாக, ஆனால் நம்பும்படியாகக் காட்டப்பட்டால் என்ன ஆகும்? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. ஆனால் பணத்தை எங்கே செலவிடுவது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான்.

பகலில், தெளிந்த வானில், கண்பார்வையை நம்பியே பறப்பவருக்கு வெளியே தெரியும் அடிவானமே முதன்மைக் கருவி. திரை முழுவதும் இருண்டாலும் என்ஜினின் ஒலியும், மூக்கு நிற்கும் நிலையும், இறங்குதளத்தின் தோற்றமும் அவரைத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். மேகத்துக்குள் நிலைமை அடியோடு மாறுகிறது. 1954 ஆம் ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வெளிப்பார்வை மறைக்கப்பட்ட நிலையில் பறக்கவைத்துச் சோதித்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன நேரம் சராசரியாக 178 வினாடிகள். பயிற்சி பெற்ற விமானிக்கும் மேகத்துக்குள் செயற்கை அடிவானம் பொய்யுரைத்தால், அதைக் கண்டறிந்து மற்றக் கருவிகளுக்கு மாறக் கிடைக்கும் அவகாசம் குறுகியதே. எனவே முதல் விமானிக்கு வசதியாக மட்டுமே இருக்கும் ஒரு பொருள் இரண்டாமவருக்கு உயிர்காப்பாகிறது. ஒரே கருவியை இருவரும் வாங்கினாலும் அதற்கு அவர்கள் தரவேண்டிய மதிப்பு ஒன்றாக இருக்க முடியாது.

இந்தச் சிந்தனையைத்தான் ஒழுங்குமுறை அமைப்புகளும் எண்களாக எழுதிவைத்துள்ளன. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. 2011 ஆம் ஆண்டில் வெளியிட்ட 23.1309-1இ என்னும் வழிகாட்டுச் சுற்றறிக்கை, ஒற்றை பிஸ்டன் என்ஜின் கொண்ட சிறு விமானங்களில், விமானத்தையே இழக்கச் செய்யும் பழுது பத்து லட்சம் பறப்பு மணிகளுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவும், அடுத்த நிலை அபாயம் ஒரு லட்சம் மணிகளுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவும், அதற்கடுத்த நிலை பத்தாயிரம் மணிகளுக்கு ஒரு முறைக்கும் குறைவாகவும் இருக்கவேண்டும் என்கிறது. பெரிய பயணிகள் விமானங்களில் முதல் வகைக்கு நூறு கோடி மணிகளுக்கு ஒன்று என்பதே அளவு. விளைவு கடுமையாக ஆக, அனுமதிக்கப்படும் வாய்ப்பு சிறுத்துக்கொண்டே போவதைக் கவனியுங்கள். உங்கள் தாளிலும் அதே ஒழுங்கில் செலவைப் பிரித்துக்கொள்ளலாம்: விளைவு கடுமையான இரண்டு மூன்று தகவல்களுக்குப் பணத்தைக் குவியுங்கள், மற்றவற்றில் தாராளமாகச் சிக்கனம் பிடிக்கலாம்.

எண்களை எப்படிப் படிப்பது

விற்பனையாளர்கள் தரும் நம்பகத்தன்மை எண் பெரும்பாலும் எம்.டி.பி.எஃப்., அதாவது பழுதுகளுக்கு இடையேயான சராசரி நேரம். இதை ஆயுட்காலம் என்று புரிந்துகொள்வது தவறு. ஒரு கருவியின் எம்.டி.பி.எஃப். 5,000 மணி என்று வைத்துக்கொள்வோம். பழுது எந்த மணியிலும் சம வாய்ப்புடன் நேரலாம் என்ற வழக்கமான அனுமானத்தின்படி, அந்த 5,000 மணிக்குள் ஏறக்குறைய 63 விழுக்காட்டுக் கருவிகள் ஒரு முறையாவது பழுதாகியிருக்கும். ஆண்டுக்கு 100 மணி வீதம் பத்தாண்டுகள் பறக்கும் ஒருவருக்கு அக்கருவி ஒரு முறையேனும் பழுதாகும் வாய்ப்பு 18 விழுக்காடு. மூன்று மணி நேரம் நீளும் ஒரு பயணத்துக்குள் பழுதாகும் வாய்ப்போ சுமார் 1,670-இல் ஒன்று. ஒரே எண்ணை இந்த மூன்று விதமாகவும் மாற்றி எழுதிப் பாருங்கள். செலவை மதிப்பிட இரண்டாவதும், உயிரபாயத்தை மதிப்பிட மூன்றாவதும் பயன்படும்.

அடுத்து, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். உதிரிப்பாகங்களின் பட்டியலைக் கொண்டு மேசையில் கணக்கிட்ட எண்ணும், ஆயிரக்கணக்கான மணிகள் பறந்த கருவிகள் பழுதுபார்ப்புக்குத் திரும்பிவந்த கணக்கும் ஒன்றல்ல. திரும்பிவந்த கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. பழுது என்று கழற்றி அனுப்பப்படும் பெட்டிகளில் கணிசமானவை சோதனை மேசையில் குறையின்றி இயங்குகின்றன. குற்றம் கனெக்டரிலோ, தரையிணைப்பிலோ, கம்பியிலோ இருந்திருக்கும். விலையுயர்ந்த பெட்டியை வாங்கிவிட்டு அவசரக் கம்பிவேலையோடு பொருத்துபவர் அந்தப் பெட்டிக்காகக் கொடுத்த நம்பகத்தன்மையைக் கனெக்டரிலேயே தொலைத்துவிடுகிறார். என்ஜின் கண்காணிப்புக் கருவிகளிலும் இதே கதைதான்: திரையைவிட, வெப்பத்திலும் அதிர்விலும் கிடக்கும் சென்சார்களே முதலில் போகும்.

சான்றிதழுக்குக் கொடுக்கும் விலை

சான்றிதழ் பெற்ற கருவி ஏன் இவ்வளவு விலை என்ற கேள்விக்கு நேர்மையான விடை, அந்த விலையின் பெரும்பகுதி பெட்டிக்குள் இல்லை என்பதே. டிஓ-160 என்னும் தரநிலையின்படி வெப்பம், குளிர், அதிர்வு, ஈரப்பதம், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு, ரேடியோக் குறுக்கீடு, மின்னலின் மறைமுகத் தாக்கம் ஆகியவற்றுக்கு எதிராகச் செய்யும் சோதனைகள், டிஓ-178 தரநிலையின்படி மென்பொருளின் ஒவ்வொரு தேவைக்கும் சான்று காட்டும் உழைப்பு, ஒவ்வொரு பாகமும் எங்கிருந்து வந்தது என்னும் பதிவு, சட்டப் பொறுப்புக்கான காப்பீடு ஆகிய அனைத்தும் சில ஆயிரம் கருவிகளின் மீதே பங்கிடப்படுகின்றன. கைப்பேசியைப் போலக் கோடிக்கணக்கில் விற்கும் பொருளாக இருந்தால் இதே செலவு கண்ணுக்கே தெரியாது.

அதனால், சான்றிதழ் இல்லாத கருவி மட்டமானது என்று பொருளாகாது. அதன் தரத்துக்கான சான்று உங்கள் கையில் இல்லை என்பதே பொருள். 2016 ஆம் ஆண்டில் இது தெளிவாக வெளிப்பட்டது. சொந்தமாகக் கட்டப்படும் சோதனை வகை விமானங்களுக்கென உருவான டைனான் டி10ஏ, கார்மின் ஜி5 ஆகிய கருவிகளை வகைச் சான்றிதழ் (விமானத்தின் வடிவமைப்புக்கான அரசு ஒப்புதல்) பெற்ற சில சிறு விமானங்களில் பொருத்த அந்த ஆண்டில் எஃப்.ஏ.ஏ. வழிவிட்டது. கருவிக்குள் இருந்த சென்சார்கள் ஒரே நாளில் மேம்பட்டுவிடவில்லை. பழைய அடிவானக் கருவிக்குள் இருக்கும் சுழலியையும் அதைச் சுழற்றும் வெற்றிட பம்பையும் வைத்துக்கொண்டு பறப்பதைவிட இவை பாதுகாப்பானவை என்ற ஒப்பீடுதான் வென்றது. உலர் வெற்றிட பம்ப் முன்னறிவிப்பின்றி உடையும் இயல்புடையது. அதன்பின் சுழலி மெல்ல வேகம் குறைந்து, எச்சரிக்கை ஏதுமின்றிச் சாய்ந்துகொண்டே போகும். அதாவது நாம் முன்பு எழுதிய இரண்டாவது கேள்விக்கு மிக மோசமான விடை அந்தப் பழைய கருவியிடம் இருந்தது.

உங்கள் விமானம் வகைச் சான்றிதழ் பெற்றது என்றால், எந்தக் கருவியைச் சட்டப்படி பொருத்தலாம் என்பதே தேர்வின் எல்லையைத் தீர்மானித்துவிடும். உங்கள் நாட்டு வான்தகுதி விதிகளையும் பொறுப்புள்ள பொறியாளரையும் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள். சோதனை வகை விமானம் என்றால் தேர்வு உங்களுடையது. அப்போது சான்றிதழ் தரும் உத்தரவாதத்தை நீங்களே கேள்விகளாக மாற்றிக் கேட்கவேண்டும். டிஓ-160 சோதனைகளில் எவை செய்யப்பட்டன? என்ஜினைத் தொடங்கும்போது மின்னழுத்தம் சரிந்தால் திரை மறுதொடக்கம் ஆகுமா? ஆல்டர்னேட்டர் கட்டுப்பாடு இழந்து மின்னழுத்தம் உயர்ந்தால் உள்ளே காப்பு உண்டா? கருவி வெளியிடும் இரைச்சல் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலைவரிசையைக் கெடுக்குமா? கோடை வெயிலில் மூடிக்கிடந்த விமானத்தின் சூட்டில் திரை இயங்குமா? பதில்கள் எழுத்தில் வரட்டும். எழுத்தில் தர மறுக்கும் விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், முதன்மைக் கருவியை வாங்கவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இரட்டிப்பதும் தனித்திருப்பதும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரமிருப்பவர் இதைப் படிக்கட்டும். விலை உயர்ந்த ஒரே கருவியா, விலை குறைந்த இரண்டா என்ற கேள்வி வரும்போது பலரும் இப்படிக் கணக்கிடுகிறார்கள்: மூன்று மணி நேரப் பயணத்தில் ஒன்று பழுதாகும் வாய்ப்பு 1,670-இல் ஒன்று, இரண்டும் பழுதாக அவ்விரு வாய்ப்புகளையும் பெருக்கவேண்டும், ஆகவே ஏறத்தாழ 28 லட்சத்தில் ஒன்று. கணிதம் சரிதான், ஆனால் இரண்டு பழுதுகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்ற அனுமானத்தில்தான் எல்லாமே தொங்குகிறது. ஒரு கருவியை வீழ்த்தும் காரணங்களில் நூற்றுக்கு ஐந்து மற்றதையும் சேர்த்து வீழ்த்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டையும் இழக்கும் வாய்ப்பு சுமார் 33,000-இல் ஒன்று ஆகிவிடுகிறது. இரண்டாவது பெட்டிக்குக் கொடுத்த பணம் ஆபத்தை 1,670 மடங்கு குறைக்கும் என்று நினைத்தோம். உண்மையில் 20 மடங்குதான் குறைத்தது. இந்த நிலையில் பெட்டியின் தரத்தை இன்னும் உயர்த்துவதைவிட, பொதுவான காரணங்களை ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைப்பதே அதிகப் பலன் தரும். பெரும்பாலும் அதற்கு ஆகும் செலவும் குறைவு.

பொதுவான காரணங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன? முதலாவது மின்சாரம். இரண்டு திரைகளும் ஒரே பொது மின்தடத்தில், ஒரே முதன்மைச் சுவிட்சின் கீழ், ஒரே தரையிணைப்பில் இருந்தால் அவை மின்சாரத்தைப் பொறுத்தவரை ஒரே கருவிதான். இரண்டாவது காற்றழுத்தம். இரண்டு திரைகளும் ஒரே பீட்டோ குழாயிலிருந்து (வேகத்தை அளக்க எதிர்க்காற்றின் அழுத்தத்தை வாங்கும் குழாய்) மூச்சுவாங்கினால், அதில் ஒரு குளவி கூடு கட்டினால் போதும், இரண்டும் ஒரே தவறான வேகத்தை ஒற்றுமையாகக் காட்டும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் வேகத்தை அளக்க மூன்று பீட்டோ குழாய்கள் இருந்தன. மூன்றும் ஒரே வகை, பனிப்படிகங்கள் அவற்றை ஒரே நேரத்தில் சிறிது நேரம் அடைத்தன, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அதன்பின் நடந்தவற்றில் விமானிகளின் செயல்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூன்று என்ற எண்ணிக்கை மூன்று பங்கு பாதுகாப்பைத் தரவில்லை என்ற பாடம் ஒற்றை என்ஜின் விமானத்துக்கும் அப்படியே பொருந்தும். 228 பேர் அதில் இறந்தார்கள்.

மூன்றாவது மென்பொருள். போயிங் 787 விமானத்தின் மின்னாக்கிக் கட்டுப்பாட்டு அலகுகள் 248 நாள்கள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தால் உள்ளே உள்ள எண்ணி நிரம்பி, அலகுகள் அனைத்தும் ஒரே நேரத்தில் செயலிழக்கக்கூடும் என்று கண்டறியப்பட்டு, 2015 ஆம் ஆண்டில் எஃப்.ஏ.ஏ. அதற்கு வான்தகுதி உத்தரவு வெளியிட்டது. ஒரே மென்பொருளை எத்தனை பெட்டிகளில் ஏற்றினாலும் அதில் இருக்கும் பிழை ஒன்றுதான்; அந்தப் பிழையை எழுப்பும் சூழல் வந்தால் எல்லாப் பெட்டிகளுக்கும் ஒன்றாகவே வரும். இதனாலேயே முதன்மைத் திரைக்கும் மாற்றுக் கருவிக்கும் வெவ்வேறு தயாரிப்பாளர்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது என்று கருதுகிறேன். ஒரே தயாரிப்பாளரின் கருவிகள் அழகாக ஒத்திசையும் என்பதும், தரவுகளைப் பகிர்ந்துகொள்ளும் என்பதும் உண்மை. அந்தப் பகிர்வே சில வேளைகளில் ஒன்றின் பழுதை மற்றொன்றுக்கு எடுத்துச்செல்லும் பாதையாகவும் ஆகிறது.

நான்காவது, வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாதது. இன்றைய மின்னணு அடிவானங்கள் சின்னஞ்சிறு சிலிக்கான் சுழலிகளையும் முடுக்கமானிகளையும் கொண்டவை. இவற்றின் அளவீடு தானாகவே மெல்ல விலகும் என்பதால், காற்றுவேகத்தையோ ஜிபிஎஸ் தரவையோ கொண்டு அதைத் திருத்திக்கொள்ளும்படி பல கருவிகள் வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே விற்பனையாளரிடம் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி இது: பீட்டோ குழாய் உறைந்தால் அடிவானம் நிற்குமா? ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து போனால்? மேகத்துக்குள் பறக்கப்போகிறவர் இந்த இரண்டு கேள்விகளுக்கும் தெளிவான விடை இல்லாத கருவியை வாங்கக்கூடாது.

இரண்டு கருவிகள் முரண்பட்டால் ஏதோ ஒன்று தவறு என்று தெரியும். எது தவறு என்று தெரியாது. மூன்றாவது ஒரு சாட்சி தேவை. அது இன்னொரு விலையுயர்ந்த திரையாக இருக்கவேண்டியதில்லை. மின்சாரமே தேவைப்படாத பழைய காற்றுவேகமானி, உயரமானி, காந்தத் திசைகாட்டி, தனி மின்வழியில் இயங்கும் ஒரு திருப்பங்காட்டி ஆகியவை இந்த வேலைக்கு இன்றும் மிகச் சிறந்தவை. அவற்றின் துல்லியம் குறைவாக இருக்கலாம், ஆனால் அவை பழுதாகும் காரணங்கள் திரை பழுதாகும் காரணங்களிலிருந்து பெரும்பாலும் வேறானவை. டேப்லட்டை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். கண்ணாடிக்கு அடியில் வெயில் பட்டால் சூடேறித் தானாக அணைந்துவிடும் பொருள் அது.

முழுச் செலவைக் கணக்கிடுதல்

பெட்டியின் விலை செலவின் ஒரு பகுதிதான். கணக்கு எளிதாக இருக்க, சிறந்த கருவியின் விலை 100 என்றும், மலிவானதன் விலை 55 என்றும், பொருத்தும் கூலி இரண்டுக்குமே 60 என்றும் கொள்வோம். விலைப்பட்டியலில் 45 விழுக்காடாகத் தெரிந்த சேமிப்பு, பொருத்தி முடிக்கும்போது 160-க்கு எதிராக 115, அதாவது 28 விழுக்காடாகச் சுருங்குகிறது. ஆறாம் ஆண்டில் தயாரிப்பாளர் அந்த மாதிரியைக் கைவிட்டு, அதே விலையில் வேறொன்றை வாங்கிப் பலகையை மீண்டும் வெட்டிக் கம்பிகளை மீண்டும் இழுக்க நேர்ந்தால் மொத்தச் செலவு 230 ஆகிவிடும். தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளாக இத்தொழிலில் இருக்கிறார், பழைய மாதிரிகளை இன்றும் பழுதுபார்த்துத் தருகிறாரா என்பவை எம்.டி.பி.எஃப்.-ஐ விட உங்கள் பணப்பையை அதிகம் பாதிக்கும் கேள்விகள்.

தரவுத்தளச் சந்தா, காப்பு பேட்டரி மாற்றும் காலம், பழுதுபார்ப்பு முடிந்து திரும்பும்வரை விமானம் தரையில் நிற்கும் வாரங்கள் ஆகியவற்றையும் சேர்த்துப் பத்தாண்டுக் கணக்காக எழுதுங்கள். மறுபக்கத்தில், வெற்றிட பம்பையும் குழாய்களையும் அகற்றுவதால் மிச்சமாகும் எடையையும் பராமரிப்பையும் வரவில் வையுங்கள்.

விடுபட்டுப்போகும் இன்னொரு செலவு பயிற்சி. அமெரிக்காவில் விபத்துகளை ஆராயும் அமைப்பான என்.டி.எஸ்.பி. 2002 முதல் 2006 வரை தயாரான ஒற்றை என்ஜின் சிறு விமானங்களை ஒப்பிட்டு 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், மின்னணுத் திரைகள் கொண்டவற்றின் மொத்த விபத்து விகிதம் குறைவாகவும், உயிரிழப்பு விபத்து விகிதம் அதிகமாகவும் இருந்தது. அவை நீண்ட பயணங்களுக்கும் மோசமான வானிலைக்கும் அதிகம் பயன்பட்டதும் இதற்கு ஒரு பின்னணி. ஆயினும் அந்தந்தக் கருவிக்கெனத் தனிப் பயிற்சி வேண்டும் என்று அந்த அமைப்பு வலியுறுத்தியது. எனவே ஒரு நல்ல பயிற்றுநருடன், திரைகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பழகும் பத்து மணி நேரத்துக்கான பணத்தைக் கருவிப் பட்டியலிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். அந்த வரிக்கு இடமில்லை என்றால், பெரிய திரைக்குப் பதிலாக அடுத்த சிறிய அளவை வாங்குங்கள்.

பொருத்திய பிறகு

வாங்கிய நம்பகத்தன்மை உண்மையிலேயே விமானத்தில் இருக்கிறதா என்பதைத் தரையிலேயே சோதிக்கலாம். திசையை அறியும் காந்த உணரியை எஃகு உறுப்புகளிலிருந்தும் மின்விளக்குக் கம்பிகளிலிருந்தும் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். விளக்குகளையும் பீட்டோ சூடாக்கியையும் ஒவ்வொன்றாக இயக்கி, திரையில் திசை நகர்கிறதா என்று கவனியுங்கள். திரைக்குப் பின்னால் காற்றோட்டம் இருக்கட்டும். வெப்பமே மின்னணுப் பாகங்களின் முதல் எதிரி. ஒவ்வொரு சர்க்யூட் பிரேக்கரையும் தனித்தனியாக இழுத்து, எது அணைகிறது, எது நிற்கிறது என்று பட்டியலிடுங்கள். தாளில் தனித்தனி என்று எழுதியிருந்த இரண்டு கருவிகள் ஒரே பிரேக்கருக்கு ஒன்றாக அணைவதை இந்தச் சோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

மென்பொருளைப் புதுப்பிக்கும்போது, தயாரிப்பாளர் அனுமதித்தால், முதன்மைக் கருவியையும் மாற்றுக் கருவியையும் ஒரே நாளில் புதுப்பிக்காதீர்கள். முதலாவது சில பறப்புகளைத் தெளிந்த வானில் முடித்த பிறகு இரண்டாவதைத் தொடுங்கள். காப்பு பேட்டரியை ஆண்டுக்கொரு முறை முழுமையாக நிரப்பி, முதன்மை மின்சாரத்தைத் துண்டித்து, திரை அணையும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்காருங்கள். அது எத்தனை நிமிடங்கள் தாங்கியது என்பதை விமானத்தின் பதிவேட்டில் தேதியுடன் எழுதுங்கள். நீங்கள் வழக்கமாகப் பறக்கும் தடத்தில் மேகத்துக்கு மேலிருந்து அருகிலுள்ள இறங்குதளத்துக்கு வரத் தேவையான நேரத்தைவிட அந்த எண் குறைந்துவிட்டால், அடுத்த பறப்புக்கு முன் பேட்டரியை மாற்றுங்கள்.